கொலுசுக்கு மட்டும் வர்ணம் பூசவில்லை

புனேயின் விஷ்ராந்த்வாடியில் பழைய வீடுகள் வேகமாக மறைந்துகொண்டிருக்கின்றன. ஆளந்தி ரோட்டின் இரு பக்கமும், டிங்கரே நகர், தானோரி வரைக்கும், ஓட்டு வீடும் ஒற்றை மாடி வீடும் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழும்புகின்றன. பில்டரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முந்தின வாரம் சுவரில் இருப்பதையெல்லாம் இறக்குவார்கள். சாமி படங்கள் புது வீட்டுக்குப் போய்விடும். கல்யாணப் படங்கள் ஆல்பத்துக்குள் நுழைந்துவிடும். தாத்தா பாட்டி படத்தை எந்தப் பிள்ளையாவது எடுத்துக்கொள்வான். கடைசியில் சுவரோரமாகச் சாய்ந்து நிற்பது ஒரு குழந்தையின் படம். மூன்று வயதோ ஐந்து வயதோ இருக்கும். கறுப்பு வெள்ளையில் எடுத்து, அதன்மேல் கையால் வர்ணம் தீட்டிய ஸ்டூடியோ போட்டோ. இது யார் என்று கேட்டால், வீட்டில் மூத்தவர் ஒருவர் உயிரோடு இருந்தாலொழிய பதில் கிடைக்காது.

பெயர் சொல்ல ஆளில்லாத அந்தப் படங்கள் பல நேரம் போய்ச் சேருவது ஜூனா பஜாருக்கு. புனேயின் மங்கள்வார் பேட்டையில் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூடுகிற பழம்பொருள் சந்தை அது. பித்தளைச் செம்பு, துருப்பிடித்த பூட்டு, வால்வு ரேடியோ, பழைய நாணயம் இவற்றுக்கு நடுவே, தார்ப்பாயில் படுத்தபடி அந்தக் குழந்தைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாங்க வருகிறவர்கள் புரட்டிப் பார்ப்பது சட்டத்தை. தேக்கா, சாதா மரமா, கண்ணாடி பழைய கண்ணாடியா என்று தட்டிப் பார்ப்பார்கள். படத்தை உருவி எறிந்துவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டிக்கொள்ளச் சட்டம் உதவும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் இதே குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கதவும் தூணும் வந்து சேருகிற கடைகள் அவை. கூடவே குழந்தைகளும் வந்துவிடுகிறார்கள்.

இப்படி எறியப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை. பழசு என்பதற்காகவோ அழகு என்பதற்காகவோ இதைச் சொல்லவில்லை. அந்த வர்ணம் ஒரு சாட்சியம். கேமராவுக்குத் தெரியாத ஒன்றை, குழந்தையைப் பெற்றவர்கள் வாயால் சொல்ல, ஒரு கைத்தொழிலாளி கேட்டு எழுதிவைத்த சாட்சியம்.

எங்கள் வீட்டுப் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். அதில் இருப்பவர் என் பாட்டியின் அக்கா. தாத்தா கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக மதுரைப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்தபோது பாத்திரப் பெட்டியோடு வந்த படம். கிர்க்கி, போப்பொடி, விஷ்ராந்த்வாடி வட்டாரத்தில் பட்டாளத்தையும் தொழிற்சாலையையும் நம்பி வந்து தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் வீட்டுச் சுவர்களில் மதுரை, வேலூர், திருநெல்வேலி ஸ்டூடியோக்களின் முத்திரை பதித்த படங்களை இன்றும் பார்க்கலாம்.

படத்தில் சிறுமி ஒரு மர ஸ்டூலின் ஓரத்தில் கை வைத்து நிற்கிறாள். பின்னால் சீனரித் துணி: ஒரு மாடிப்படி, தூண், தூரத்தில் ஏரி. அவளுக்குப் பின்னால் சற்றுச் சாய்வாக ஆளுயரக் கண்ணாடி. பூத் தைத்த ஜடை முதுகுப் பக்கம் இருக்கிறது, முகமோ முன்பக்கம் இருக்கிறது. இரண்டையும் ஒரே போட்டோவில் காட்ட நம் ஊர் ஸ்டூடியோக்கள் கையாண்ட வழி அந்தக் கண்ணாடி. காலையிலிருந்து பொறுமையாக உட்கார்ந்து தைத்துக்கொண்ட ஜடை சாயங்காலத்துக்குள் வாடிவிடும் என்பதால், தைத்த கையோடு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போவார்கள். இப்படி எடுத்த படம் இல்லாத தமிழ்க் குடும்பம் அபூர்வம்.

இனி வர்ணத்துக்கு வருவோம். பாவாடை அரக்கு. கரை மாம்பழ மஞ்சள். ஜடையில் கனகாம்பரத்தின் ஆரஞ்சு, மரிக்கொழுந்தின் பச்சை. குஞ்சலத்தின் சிவப்பு கண்ணாடியில் தெரிகிற பிம்பத்திலும் தீட்டப்பட்டிருக்கிறது. கழுத்துச் சங்கிலியின் ஒவ்வொரு மணியிலும் மஞ்சள் வர்ணம் கெட்டியாகப் புள்ளி வைத்து நிற்கிறது. விரலால் தடவினால் தட்டுப்படும், ஆனால் தடவக்கூடாது. கன்னத்தில் ரோஜா நிறம். இடது கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைச் சுற்றி மட்டும் அந்த ரோஜா விலகி நிற்கிறது, பொட்டு மங்கிவிடக் கூடாதென்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் காலைக் கவனித்தேன். கொலுசுக்கு வர்ணமே இல்லை. போட்டோவின் சாம்பல் நிறம் அப்படியே விடப்பட்டிருக்கிறது. காலில் தங்கம் அணிவது நம் வழக்கமில்லை, கொலுசு வெள்ளிதான். போட்டோத்தாளில் உருவமாகப் படிந்திருப்பதும் வெள்ளியேதான். தீட்டியவர் வெள்ளிக்கு வெள்ளியையே விட்டுவிட்டார். வேலை தெரிந்த கை அது. அவர் பெயர் படத்தில் எங்கும் கிடையாது.

சிவப்பைக் காணாத கண்ணாடித் தகடு

இந்தப் படங்களுக்கு வர்ணம் ஏன் தேவைப்பட்டது என்பதை ஆசை என்ற ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. அதற்குள் ஒரு ரசாயனக் காரணமும் இருந்தது. ஆரம்பகால போட்டோத் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக வேலை செய்தன. 1873ல் ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஹெர்மன் ஃபோகெல் சாயம் சேர்த்தால் தகடு பச்சையையும் உணரும் என்று கண்டுபிடித்தார். அப்படி வந்த ஆர்த்தோ தகடுகளுக்கும் சிவப்பு தெரியாது. எல்லா நிறங்களையும் உணரும் தகடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடைக்கு வந்துவிட்டாலும், பல ஸ்டூடியோக்கள் ஆர்த்தோவை விடவில்லை. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துப் பார்த்து அதைக் கழுவ முடியும் என்பது பெரிய வசதி.

இதனால் நம் குழந்தைகளுக்கு நேர்ந்ததை யோசித்துப் பாருங்கள். குங்குமம் கறுப்பாக விழும். மருதாணி கறுப்பாக விழும். அரக்குப் பட்டு கரியாக விழும். வெற்றிலைச் சிவப்பு உதடு கறுத்துப்போகும். மாநிறத் தோலில் செம்மை கலந்திருப்பதால் முகம் இருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். கல்யாணத்துக்கோ தீபாவளிக்கோ எடுத்த பட்டுப் பாவாடையைப் போட்டுக் கூட்டிப்போன அம்மாவிடம் ஸ்டூடியோக்காரர் நீட்டுகிற பிரதியில், குழந்தை துக்க உடை அணிந்ததுபோல நின்றால் அவள் மனம் என்ன பாடுபடும்? கையால் வர்ணம் தீட்டுவது அந்தக் குறைக்குச் செய்த பரிகாரம். தகடு பறித்துக்கொண்ட சிவப்பைத் தூரிகை திருப்பிக் கொடுத்தது.

ஆனால் போட்டோவைப் பார்த்து நிறத்தைச் சொல்ல முடியாது. அரக்கும் கறுப்பும் கரும்பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் கேட்டுத்தான் ஆகவேண்டும். பாவாடை என்ன கலர், கரை என்ன கலர், சட்டை என்ன கலர், கல் வெள்ளையா சிவப்பா என்று கேட்டு ஆர்டர் கவரின் மேலோ பிரதியின் பின்னாலோ பென்சிலால் குறித்துக்கொள்வது உலகெங்கும் இந்தத் தொழிலின் பழக்கம். பழைய படங்களைச் சட்டத்திலிருந்து பிரித்தால் சில சமயம் அந்தக் குறிப்பு கிடைக்கும். ஒரு குடும்பத்தின் துணிமணியைப் பற்றி இவ்வளவு துல்லியமான எழுத்துச் சான்று வேறெங்கே கிடைக்கப் போகிறது? ஒரு சாதாரண வீட்டுப் பெண் குழந்தை அன்றைக்கு என்ன நிறத்தில் பாவாடை கட்டினாள் என்று எந்தச் சரித்திரப் புத்தகமும் எழுதவில்லை.

தூரிகை பிடித்தவர்கள்

1839ல் பாரிஸில் போட்டோகிராபி பகிரங்கமானது. அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே சுவிட்சர்லாந்தின் ஓவியர் யோஹன் ஈசன்ரிங், பிசின் கலந்த வர்ணப்பொடியை வெள்ளித் தகட்டின் மேல் தூவி ஒட்டவைத்தார். படம் பிறந்த கையோடு வர்ணமும் பிறந்துவிட்டது. ஜப்பானின் யோகோஹாமாவில் 1860களில் ஃபெலிசே பியாட்டோ நடத்திய ஸ்டூடியோவில் ஜப்பானிய ஓவியர்களின் கை போட்டோவுக்குத் திரும்பியது. நம் நாட்டிலும் நடந்தது அதுதான். அரண்மனைகளில் சிற்றோவியம் தீட்டிக்கொண்டிருந்தவர்களின் வேலையைக் கேமரா பறித்தபோது, அவர்களில் பலர் கேமரா தந்த படத்தின் மேலேயே தீட்டத் தொடங்கினார்கள். ராஜஸ்தானில் அவர்கள் மெல்லிய சாயத்தோடு நிற்கவில்லை. போட்டோவே தெரியாதபடி கெட்டி வர்ணத்தால் மூடி, தரையில் கம்பளம் விரித்து, ஜன்னல் திறந்து, முகத்தில் மட்டும் கேமராவின் சாயலைத் தக்கவைத்தார்கள். அங்கே உள்ள கோயில் ஊர் நாத்துவாராவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஸ்ரீநாத்ஜியின் இருபுறமும் கைகூப்பி நிற்கும் குடும்பத்தை வரைந்துவிட்டு, முகத்துக்கு மட்டும் போட்டோவை வெட்டி ஒட்டினார்கள். அந்தக் கோயிலின் ஓவியர் காசிராம் ஹர்தேவ் சர்மா போட்டோகிராபராகவும் இருந்தவர். அப்பா அம்மாவின் முட்டிக்குக் கீழே, சரிகைத் தொப்பி வைத்த குழந்தைகளும் அந்தப் படங்களில் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள்.

இந்தப் படங்களைக் குப்பை என்று எல்லோரும் நினைத்த காலத்தில் சேர்த்துவைத்தவர் புனேக்காரர் என்பதில் இங்கே வாழ்கிறவர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இப்ராஹிம் அல்காஜி 1925ல் புனேயில் பிறந்தவர். தேசிய நாடகப் பள்ளியை 1962 முதல் 15 ஆண்டுகள் நடத்தியவர் என்று நாடக உலகம் அவரைக் கொண்டாடுகிறது. 2020ல் அவர் மறைந்தபோது பத்திரிகைகள் எழுதியதும் பெரும்பாலும் நாடகம் பற்றித்தான். ஆனால் அவர் விட்டுப்போன இன்னொரு சொத்து, 19ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்கும் இந்தியப் போட்டோக்களின் மாபெரும் தொகுப்பு. அதிலிருந்து வர்ணம் தீட்டிய உருவப்படங்களை மட்டும் எடுத்து 2008ல் ராஹாப் அல்லானாவும் பிரமோத் குமாரும் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அரசர்களும் அரசிளங்குமரர்களும் அதில் நிறைய. அரண்மனைக் குழந்தைக்கு ஆவணம் கிடைத்துவிட்டது. ஆளந்தி ரோட்டுக் குழந்தைக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

புனேயின் கண்ணுக்கு வர்ணம் பழகியதில் அச்சகங்களுக்கும் பங்கு உண்டு. விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் முன்னின்று 1878ல் தொடங்கிய சித்ரசாலா அச்சகம் சாமி படங்களையும் சரித்திர நாயகர்கள் படங்களையும் கல்லச்சில் வர்ணமாக அடித்து விற்றது. பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் பிறகு இடம்பெயர்ந்தது லோணாவளா பக்கத்து மளவ்லிக்கு, அதாவது புனே ரயில் பாதையோரம். வீட்டுச் சுவரில் கிருஷ்ணன் நீலமாகவும் லட்சுமி ரோஜாவாகவும் சிரிக்கும்போது, பக்கத்தில் சொந்தக் குழந்தை மட்டும் சாம்பலாக இருப்பதை எந்தத் தாய் ஏற்பாள்?

தமிழ்நாட்டில் இந்தக் கதை நாடக மேடை வழியாகவும் வருகிறது. சென்னையில் 1850ல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஓவியப் பள்ளி தொடங்கினார். 1856ல் சென்னையில் போட்டோகிராபிச் சங்கம் உருவானபோதும் முன்னின்றவர் அவர். பல ஆண்டுகள் கழித்து அந்த ஓவியப் பள்ளியில் படித்து வந்தவர் கொண்டைய ராஜு. திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குச் சீன் துணி வரையப் போனார். கம்பெனி 1940களில் கோவில்பட்டியில் கலைந்தபோது அந்த ஊரிலேயே தங்கி, சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டூடியோவைத் தொடங்கினார். தமிழ்நாட்டு வீடுகளில் தொங்கிய காலண்டர் முருகனும் மீனாட்சியும் பெரும்பாலும் அவர் கையும் அவர் சீடர்கள் கையும்தான். சீன் துணி, காலண்டர், போட்டோ என்ற மூன்றும் நம் ஊரில் வேறு வேறு உலகமாக இருந்ததில்லை. சிறுமியின் பின்னால் நிற்கும் மாடிப்படியும் ஏரியும் அரிச்சந்திர நாடகத்தின் அரண்மனையும் உறவுக்காரர்கள். அவள் கன்னத்து ரோஜா காலண்டர் லட்சுமியின் கன்னத்து ரோஜா.

வேலை நடந்த விதம்

முதல் வேலை வர்ணமே அல்ல. நெகடிவில் டச்சிங். சாய்வான மேஜையில் நெகடிவை வைத்துப் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, மருந்துப் பக்கத்தில் பிசின்போல ஒரு திரவத்தைத் தடவி, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகடிவில் கறுப்பு ஏறினால் பிரதியில் வெளுக்கும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ் நிழல், அழுது வழிந்த தடம் எல்லாம் அங்கேயே போய்விடும். நல்ல ரீடச்சர் கிடைத்தால் ஸ்டூடியோ முதலாளி அவரை விடமாட்டார்.

பிறகு பிரதி. பளபளக்கும் தாளில் வர்ணம் நிற்காது. சொரசொரப்பான மேட் தாளே வேண்டும். அதையும் செபியா செய்து பழுப்பாக்கிக்கொண்டால் தோல் நிறம் உயிரோடு வரும், சாம்பலின் மேல் தீட்டினால் பிணக்களை தட்டிவிடும். நீர் வர்ணம் என்றால் தாளை ஈரமாக்கி, மிக லேசான சாயத்தை அடுக்கடுக்காக ஏற்றவேண்டும். ஜெலட்டின் சாயத்தைக் குடித்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, அதனால் முதல் தடவையே சரியாக விழவேண்டும். எண்ணெய் வர்ணத்தில் அந்தப் பயம் இல்லை. பஞ்சில் தொட்டுத் தேய்த்து, அதிகமானதைத் துடைத்து எடுத்துவிடலாம். உதட்டுக்கும் கண்ணோரத்துக்கும் குச்சி முனையில் இழைப் பஞ்சைச் சுற்றிக்கொள்வார்கள். கண்மணியில் ஒளிப்பொட்டு வைப்பது கடைசி வேலை. எண்ணெய் வர்ணம் காய நாட்கள் ஆகும், அதுவரை தூசி படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மழைக்காலத்தில் ஆர்டர் தாமதமாவதற்கு அதுவே காரணம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த வேலையைப் பெருமளவில் செய்தவர்கள் பெண்கள். பாரிஸில் எலிசபெத் துய்லியே என்ற பெண்மணி நடத்திய பட்டறையில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சினிமாப் படச்சுருள்களுக்கு ஃபிரேம் ஃபிரேமாக வர்ணம் தீட்டினார்கள். அவர்களிலும் பெயர் நின்றது முதலாளியம்மாவுக்குத்தான்.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. துணிக்கும் பூவுக்கும் உண்மை சொன்ன தூரிகை தோலுக்கு உண்மை சொல்லவில்லை. தகடு கறுக்கவைத்ததைச் சரிசெய்வது நியாயம். ஆனால் சரிசெய்வதோடு அது நிற்கவில்லை. மாநிறக் குழந்தைகளையும் கறுப்புக் குழந்தைகளையும் ஒரே பாலாடை நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். கன்னத்தில் ரோஜாவை வட்டமாகப் பூசச் சொன்னவை வெள்ளைக்காரக் குழந்தைகளுக்காக எழுதப்பட்ட கையேடுகள். நம் குழந்தை வெயிலில் ஓடினால் கன்னம் ரோஜாவாகாது, மினுங்கும். அந்த மினுமினுப்பைத் தீட்டத் தெரிந்திருந்தும் தீட்டவில்லை, ஏனென்றால் பணம் கொடுத்தவர்கள் கேட்டது சிவப்பான குழந்தையை. என் பாட்டியின் அக்காவுக்கும் படத்தில் இருக்கும் நிறம் வாழ்ந்த நிறமல்ல. முழங்கைக்குக் கீழே, வர்ணம் சரியாக ஏறாத ஒரு விரலகலத்தில், அவளுடைய நிஜ நிறம் தெரிகிறது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஒரே ஒரு படம்

குழந்தைகளின் படம் ஏன் இவ்வளவு சிரத்தையோடு செய்யப்பட்டது? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 200 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. புனே 1897 பிளேக்கை மறக்காத ஊர். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தை மீறி ஒருதடவை, பெரும்பாலும் ஒரே ஒரு தடவை, ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அதனால் அந்த ஒரு படத்துக்குள் எல்லாவற்றையும் வைத்தார்கள். பாட்டியின் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டார்கள். முடியிறக்குவதற்கு முன்னால் ஆண் குழந்தைக்குச் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டிப் பெண்ணாக அலங்கரித்துப் படம் எடுத்தார்கள். கிருஷ்ணன் வேஷம் போட்டு மயிற்பீலி செருகினார்கள். ஆறு மாதக் குழந்தையைக் குப்புறப் போட்டு, தலை நிமிர்கிற நொடிக்காகக் காத்திருந்தார்கள். விஷ்ராந்த்வாடி வழியாக ஞானேஸ்வர் பல்லக்கு ஆளந்தியிலிருந்து புனேவுக்கு வரும் நாட்களில், இங்குள்ள மராத்தி வீடுகளில் குழந்தைகளை விட்டல், ருக்மிணி என்று வேஷம் கட்டிப் படம் எடுக்கிறார்கள். ஆசை அதேதான்.

படம் எடுக்கும் முன்பே குழந்தை போய்விட்டதும் உண்டு. இறந்த குழந்தையை மடியில் வைத்து எடுத்த படங்கள் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலும் இருக்கின்றன. மூடிய கண்ணைத் திறந்ததுபோல வரைந்து தரச் சொல்லி வர்ணக்காரரிடம் வந்தவர்களும் உண்டு. அந்த வேலையை மறுக்காமல் செய்து கொடுத்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். இன்னொருவர் குழந்தைக்குக் கண் வரைந்துவிட்டு அன்று இரவு தங்கள் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்?

ஊட்டியும் அதன் பிறகும்

கலர் ஃபிலிம் 1930களிலேயே உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் அது அரிதாகவும் விலை கூடுதலாகவும் இருந்தது. ஊட்டியில் 1960ல் நிறுவப்பட்டு 1967ல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமையும் தாளையும் தந்தது. மேலை நாடுகளில் கைவர்ணம் ஓய்ந்த பிறகும் இங்கே அது நீடித்ததற்கு இதுவே முக்கியக் காரணம். எழுபதுகள், எண்பதுகளில் கலர் லேப்கள் ஊர் ஊராக வந்தன. வர்ணக்காரர்கள் சைன் போர்டு எழுதப் போனார்கள், சிலர் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தார்கள். ஊட்டித் தொழிற்சாலையும் டிஜிட்டல் காலத்தில் மூடப்பட்டது. கை இன்னும் ஓயாத இடம் உதய்பூர். மேவார் மகாராணா பூபால் சிங்குக்குப் படங்களுக்கு வர்ணம் தீட்டிய பிரபுலால் சோனியின் பேரன் ராஜேஷ் சோனி, இன்றைக்கும் போட்டோக்களுக்குக் கையால் வர்ணம் தீட்டுகிறார். அமெரிக்காவில் பிறந்து உதய்பூரில் தங்கிவிட்ட போட்டோகிராபர் வாஸ்வோவின் படங்களில் அவர் வேலையைப் பார்க்கலாம்.

தமிழ் ஸ்டூடியோக்களுக்காகப் பெரிய காரியம் செய்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். ஸோயி ஹெட்லி, ரமேஷ் குமார் உள்ளிட்ட குழுவினர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப்போய் நெகடிவ்களையும் பிரதிகளையும் டிஜிட்டலாக்கினார்கள். சுமார் 1880 முதல் 1980 வரை ஒரு நூற்றாண்டு. கடையைக் காலி செய்யும்போது கண்ணாடி நெகடிவ்களைக் கழுவிக் கண்ணாடிக்காக விற்றுவிடுவது வழக்கமாக இருந்த ஊரில் இது பெரிய மீட்பு. ஆனால் ஸ்டூடியோவில் இருப்பது நெகடிவ். வர்ணம் இருப்பது வீட்டுக்கு வந்த பிரதியில் மட்டும். அதற்கு நகல் கிடையாது. புனேயிலும் மும்பையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் தமிழ் வீடுகளின் சுவர்கள்தான் அதன் ஆவணக்காப்பகம்.

இப்போது போனில் ஒரு செயலி கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நொடியில் வர்ணம் போட்டுத் தருகிறது. பலர் ஆசையோடு செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். அவர்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் செயலி யாரிடமும் எதையும் கேட்பதில்லை. வேறெங்கோ இருக்கும் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து ஊகிக்கிறது. அரக்குப் பாவாடையைப் பழுப்பாக்கும், பச்சைக் கரையை நீலமாக்கும். நாளைக்கு உங்கள் பேத்தி அதைத்தான் உண்மை என்று நம்புவாள். அதைவிட மோசம், கையால் தீட்டிய பழைய படத்தை அதில் போட்டுப் ‘புதுப்பிப்பது’. கேட்டுத் தீட்டிய நிறத்தை அழித்து ஊகித்த நிறத்தை வைக்கும் வேலை அது.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால், கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புனே மழைக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஈரம் ஏறி ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். வர்ணம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே வைத்திருந்து, முன்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் விளக்கு வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டாமல் இருந்தால் ஃபிரேம் கடைக்காரரிடம் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள், படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. பின்னால் இருக்கும் பழைய ஒட்டுப்பலகையில் அமிலம் உண்டு, அதை மாற்றலாம், ஆனால் அதில் ஸ்டூடியோ முத்திரையோ எண்ணோ எழுத்தோ இருந்தால் எறியாதீர்கள். ஈரத்துணியால் படத்தைத் துடைக்கவே கூடாது. நீர் வர்ணம் கரையும், எண்ணெய் வர்ணம் பெயரும். வெளிச்சுவரிலும் வெயில் விழும் சுவரிலும் மாட்டாதீர்கள். சில சாயங்கள் வெயிலில் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும், ரோஜாவும் ஊதாவும் முதலில் போகும்.

பிறகு வீட்டில் மூத்தவரிடம் படத்தைக் கொண்டுபோய் உட்காருங்கள். பெயர் என்ன, எந்த ஊர் ஸ்டூடியோ, சங்கிலி யாருடையது, பாவாடை நிஜமாகவே இந்தக் கலர்தானா என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்து ஓரத்தில், மெத்தென்ற பென்சிலால், அழுத்தாமல், குழந்தையின் பெயரையும் சொன்னவர் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், அழுத்தினால் எழுத்து முன்பக்கம் புடைத்துத் தெரியும், மையும் நாளடைவில் ஊறிவிடும்.